அணுகுண்டு வெடிப்பை நேரில் பார்த்த ராணுவ வீரர்கள்: அன்று நடந்தது என்ன? இன்று கேட்பது என்ன?

முதுகைக் காட்டி உட்கார வேண்டும். கண்களை இறுக மூடி, இரண்டு கைகளாலும் பொத்திக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியில் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டு சில நொடிகள் போன பிறகுதான் திரும்பிப் பார்க்கலாம்.

1950-களில் பசிபிக் தீவுகளிலும் பாலைவனங்களிலும் நிறுத்தப்பட்ட ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்களுக்குக் கிடைத்த உத்தரவு கிட்டத்தட்ட இவ்வளவுதான். திரும்பிப் பார்த்தவர்கள் கண்டது அணுகுண்டு வெடிப்பு. அங்கே போரும் இல்லை, எதிரியும் இல்லை. குண்டை வெடித்தது பெரும்பாலும் அவர்களுடைய சொந்த அரசாங்கம்தான்.

உத்தரவை நிறைவேற்ற சில நிமிடங்கள் போதுமாக இருந்தது. ஆனா, 'நான் அங்கே இருந்தேன், எனக்கு வந்த நோய்க்கு அதுதான் காரணம்' என்று நிரூபிக்க, பலருக்கு ஆயுளே போதவில்லை. யார் இவர்கள்? என்ன பார்த்தார்கள்? நிரூபிப்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'அணு வீரர்கள்'?

திறந்தவெளியில் நடந்த அணு ஆயுத சோதனைகளில் கலந்துகொண்ட ராணுவம், கடற்படை, விமானப்படையைச் சேர்ந்தவர்களை அமெரிக்காவில் 'அட்டாமிக் வெட்டரன்ஸ்' என்று அழைக்கிறார்கள். பிரிட்டனில் 'அணு சோதனை வீரர்கள்' என்று பெயர்.

அமெரிக்கா 1945 முதல் 1962 வரை 200-க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திறந்தவெளியில் நடத்தியது. அவற்றில் கலந்துகொண்ட படையினர் மட்டும் சுமார் 2 லட்சம் பேர். பிரிட்டன் 1952 முதல் 1958 வரை ஆஸ்திரேலியாவிலும் பசிபிக் கடலிலும் 21 சோதனைகளை நடத்தியது. அதில் சுமார் 20 ஆயிரம் பிரிட்டன் வீரர்களும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி நாட்டு வீரர்களும் இருந்தார்கள். சோவியத் யூனியனும் பிரான்ஸும் தங்கள் வீரர்களை இதேபோல நிறுத்தின.

படைகளை ஏன் அங்கே கொண்டுபோனார்கள்?

சோதனை நடத்துவது விஞ்ஞானிகளின் வேலை. அங்கே சாதாரண சிப்பாய்க்கு என்ன வேலை என்ற கேள்வி வரலாம். இரண்டு காரணங்கள் இருந்தன.

முதலாவது, ஆள்பலம். ஆளில்லாத தீவில் சாலை போட, கூடாரம் அடிக்க, கப்பல் ஓட்ட, சமைக்க, வெடிப்புக்குப் பிறகு கருவிகளை மீட்டுவர ஆட்கள் வேண்டும்.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். அடுத்த போர் அணுகுண்டோடுதான் நடக்கும் என்று பனிப்போர் கால ராணுவங்கள் நம்பின. குண்டு விழுந்த இடத்தை நோக்கிக் காலாட்படையால் முன்னேற முடியுமா, வெடிப்பைப் பார்த்ததும் சிப்பாய் பயந்து ஓடுவானா, உத்தரவுக்குக் கட்டுப்படுவானா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்பின. அமெரிக்காவின் நெவாடா பயிற்சிகளில், வீரர்களின் மனநிலையை ஆராய்வதற்கென்றே தனி ஆய்வுக் குழுக்கள் இருந்தன. ஆக, குண்டு மட்டும் சோதிக்கப்படவில்லை, மனுஷனும் சேர்த்தே சோதிக்கப்பட்டான்.

பிகினி தீவு, 1946: கப்பலைக் கழுவிய மாலுமிகள்

இரண்டாம் உலகப்போர் முடிந்த மறுவருடமே, மார்ஷல் தீவுகளில் உள்ள பிகினியில் 'ஆபரேஷன் கிராஸ்ரோட்ஸ்' என்ற சோதனையை அமெரிக்கா நடத்தியது. அதற்காக அங்கே வாழ்ந்த 167 பேர் வேறு தீவுக்கு மாற்றப்பட்டார்கள். சுமார் 42 ஆயிரம் பேர் இந்தச் சோதனையில் பங்கேற்றனர். ஜப்பானின் போர்க்கப்பல் நகாட்டோ உட்பட 90-க்கும் மேற்பட்ட கப்பல்கள் இலக்காக நிறுத்தப்பட்டன.

ஜூலை 1-ம் தேதி முதல் குண்டு வானில் வெடித்தது. ஜூலை 25-ல் இரண்டாவது குண்டு தண்ணீருக்கு அடியில் வெடிக்கப்பட்டது. லட்சக்கணக்கான டன் கடல்நீர் தூணாக மேலே எழும்பி, கதிரியக்கம் கலந்த மழையாகவும் மூடுபனியாகவும் கப்பல்கள் மீதே திரும்பி விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பிரச்சனை. மிதந்துகொண்டிருந்த கப்பல்களில் ஏறிச் சுத்தம் செய்ய மாலுமிகள் அனுப்பப்பட்டார்கள். தண்ணீரைப் பீய்ச்சியும், பிரஷ்ஷால் தேய்த்தும் கழுவினார்கள். கதிரியக்கமோ இரும்பிலும் பெயின்ட்டிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது. கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன், ஆபத்தை எடுத்துச் சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னார். ஆகஸ்ட் மாதம் பணி கைவிடப்பட்டது. திட்டமிட்டிருந்த மூன்றாவது வெடிப்பும் ரத்தானது. ஆனால் அதற்குள் வாரக்கணக்கில் அந்தக் கப்பல்களில் வேலை பார்த்து முடித்திருந்தார்கள் மாலுமிகள்.

நெவாடா பாலைவனம்: பதுங்குகுழியில் இருந்து வெடிப்பை நோக்கி

1951 முதல் அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே, லாஸ் வேகாஸ் நகரில் இருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நெவாடா பாலைவனத்தில் சோதனைகளைத் தொடங்கியது. பக்கத்திலேயே 'கேம்ப் டெசர்ட் ராக்' என்ற ராணுவ முகாமும் அமைக்கப்பட்டது.

1951 நவம்பர் 1-ம் தேதி 21 கிலோ டன் குண்டு வெடித்தபோது, வீரர்கள் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிலோ டன் என்பது 1,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோ டன். இந்தத் தூரம் அடுத்தடுத்த பயிற்சிகளில் குறைந்துகொண்டே வந்தது. 1953-ல் வெடிப்பு மையத்தில் இருந்து சுமார் மூன்றரை கிலோமீட்டரிலேயே பதுங்குகுழி வெட்டி வீரர்களை உட்கார வைத்தார்கள். அதிர்வலை கடந்து போனதும் எழுந்து, வெடிப்பு நடந்த இடத்தை நோக்கி முன்னேற வேண்டும். அதுதான் பயிற்சி.

என்ன பார்த்தார்கள்?

நாடு வேறு, வருடம் வேறு, மொழி வேறு. ஆனால் இந்த வீரர்கள் சொன்ன சாட்சியங்களில் சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலில் வெளிச்சம். கண்ணை மூடி, கையால் பொத்தியிருந்தும், தங்கள் விரல் எலும்புகள் தெரிந்ததாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். 'எக்ஸ்-ரே எடுத்த மாதிரி இருந்தது' என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் உவமை. உண்மையில் குண்டில் இருந்து வரும் எக்ஸ்-ரே கதிர்களைச் சுற்றியுள்ள காற்றே சில மீட்டர்களுக்குள் உறிஞ்சிவிடும். கைகளைத் தாண்டி வந்தது அளவுகடந்த வெளிச்சம். இருட்டில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் சதை சிவப்பாகத் தெரியுமே, அதைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தால் ஓரளவு புரியும்.

அடுத்து சூடு. முதுகுக்குப் பின்னால் அடுப்பைத் திறந்து வைத்தது போல இருந்தது என்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு விநோதமான அமைதி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் பயணிக்கும். அதனால் 10 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தமும் அதிர்வும் வந்து சேர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் சத்தமே இல்லாமல் எதிரே நெருப்புக்கோளம் வளர்ந்துகொண்டே இருக்கும். பிறகு அதிர்வலை ஆளைக் கீழே தள்ளும். கடைசியாக, காளான் வடிவ மேகம் தலைக்கு மேலே விரியும்.

கிறிஸ்துமஸ் தீவு: அரைக்கால் சட்டையுடன் நின்றவர்கள்

பிரிட்டனின் முதல் குண்டு 1952 அக்டோபர் 3-ம் தேதி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள மான்டிபெல்லோ தீவுகளில் வெடித்தது. ஹெச்.எம்.எஸ். பிளிம் என்ற கப்பலுக்குள் வைத்து வெடித்தார்கள். பிறகு தெற்கு ஆஸ்திரேலியாவின் ஈமு ஃபீல்ட், மரலிங்கா பாலைவனங்களுக்குச் சோதனை நகர்ந்தது. அந்த நிலம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளுடையது.

ஹைட்ரஜன் குண்டுக்கு மால்டன் தீவும், இன்று கிரிபாட்டி நாட்டில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவும் தேர்வாயின. அங்கே 1958 ஏப்ரல் 28-ல் வெடித்த 'கிராப்பிள் ஒய்' சுமார் 3 மெகா டன், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போல 200 மடங்கு. பிரிட்டன் இதுவரை வெடித்ததிலேயே பெரியது அதுதான்.

தீவில் இருந்தவர்களில் பலர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த இளைஞர்கள். வெப்பமண்டலத் தீவு என்பதால் அரைக்கால் சட்டையுடனேயே வரிசையில் உட்கார்ந்திருந்ததாகப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

சோவியத், பிரான்ஸ் வீரர்களுக்கு என்ன நடந்தது?

1954 செப்டம்பர் 14. ரஷ்யாவின் ஓரன்பர்க் பகுதியில் உள்ள டோட்ஸ்கோயே. சுமார் 45 ஆயிரம் சோவியத் வீரர்கள் போர்ப் பயிற்சிக்காகக் குவிக்கப்பட்டிருந்தனர். மார்ஷல் ஷுகோவ் தலைமை. விமானத்தில் இருந்து வீசப்பட்ட சுமார் 40 கிலோ டன் குண்டு தரைக்கு 350 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதன் பிறகு அந்தப் பகுதி வழியாகவே படைகள் நகர்த்தப்பட்டன. இதைப் பற்றி 25 வருடம் வாய் திறக்கக் கூடாது என்று வீரர்களிடம் எழுதி வாங்கப்பட்டது.

பிரான்ஸ் 1960 பிப்ரவரி 13-ல் அல்ஜீரியாவின் சஹாரா பாலைவனத்தில் முதல் குண்டை வெடித்தது. 1962 மே 1-ல் அங்கே நடந்த நிலத்தடி சோதனையில் மலை பிளந்து கதிரியக்கம் வெளியேறியது. பார்வையிட வந்திருந்த இரண்டு அமைச்சர்கள் உட்பட அனைவரும் தப்பி ஓட வேண்டியிருந்தது. பிறகு பிரான்ஸ் தன் சோதனைகளைப் பசிபிக்கில் உள்ள மொருரோவா, ஃபங்கடாஃபா தீவுகளுக்கு மாற்றி, 1996 வரை தொடர்ந்தது.

ஃபிலிம் பேட்ஜ் எதை அளந்தது, எதை அளக்கவில்லை?

இழப்பீட்டுச் சண்டை முழுவதும் சுற்றிவருவது இந்தச் சின்ன பேட்ஜைத்தான்.

சோதனைகளில் பலருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள 'ஃபிலிம் பேட்ஜ்' தரப்பட்டது. உள்ளே இருக்கும் படச்சுருள் துண்டு எவ்வளவு கருக்கிறதோ, அதை வைத்து ஒருவர் வாங்கிய கதிர்வீச்சைக் கணக்கிடுவார்கள். இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன.

ஒன்று, எல்லோருக்கும் பேட்ஜ் கிடைக்கவில்லை. பல பயிற்சிகளில் ஒரு குழுவுக்குச் சில பேட்ஜ்கள் தந்துவிட்டு, அதே அளவை மற்றவர்களுக்கும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு, பேட்ஜ் அளப்பது முக்கியமாக வெளியில் இருந்து உடம்பைத் துளைக்கும் காமா கதிர்களை. காற்றோடு மூச்சில் போன தூசும், சாப்பாட்டில் விழுந்த தூசும் அதில் பதிவாகாது. ஆல்ஃபா கதிர்களைத் தோலே தடுத்துவிடும், வெளியில் இருக்கும் வரை பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அதே தூசு நுரையீரலிலோ எலும்பிலோ போய்த் தங்கிவிட்டால், வருடக்கணக்கில் உள்ளே இருந்தபடியே திசுக்களைத் தாக்கும். பேட்ஜில் 'பாதிப்பு இல்லை' என்று இருந்தால், வெளிக் கதிர்வீச்சு குறைவு என்று மட்டும்தான் அர்த்தம். உடம்புக்குள் எதுவும் போகவில்லை என்று அர்த்தம் கிடையாது.

டாக்டரிடம்கூடச் சொல்லக் கூடாதா?

கூடாது. அமெரிக்க வீரர்கள் ரகசியக் காப்பு உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டவர்கள். மீறினால் தண்டனை. மனைவியிடம் சொல்ல முடியாது. உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால், தான் எங்கே இருந்தேன் என்பதை அவரிடமும் சொல்ல முடியாது. காரணம் தெரியாமலேயே டாக்டர் வைத்தியம் பார்க்க வேண்டும். இந்தத் தடையை நீக்கும் சட்டம் 1996-ல்தான் வந்தது. பிகினி சோதனை முடிந்து சரியாக 50 வருடம்.

பேசலாம் என்று ஆனபோது, பலருக்குக் கையில் காகிதம் இல்லை. செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் 1973-ல் பிடித்த தீயில், 1.6 கோடிக்கும் மேற்பட்ட முன்னாள் படையினரின் கோப்புகள் அழிந்துபோயின. அவற்றில் பெரும்பகுதி, 1960-க்கு முன் பணியாற்றிய தரைப்படையினருடையது.

நோய்க்குக் காரணம் குண்டுதானா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இதற்கு ஒரே வரியில் பதில் இல்லை.

1957 ஆகஸ்ட் 31-ல் நெவாடாவில் 'ஸ்மோக்கி' என்ற 44 கிலோ டன் குண்டு வெடிக்கப்பட்டது. அதில் இருந்த 3,000-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. 1980-ல் வெளியான முடிவின்படி, வழக்கமாக 3 அல்லது 4 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்திருக்க வேண்டிய இடத்தில் 9 பேருக்கு வந்திருந்தது. இந்த ஆய்வுதான் விஷயத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனால் 2000-ல் வெளியான, சுமார் 70 ஆயிரம் அமெரிக்க வீரர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், மொத்த இறப்பு விகிதம் மற்ற வீரர்களைவிட அதிகமாக இல்லை. ரத்தப் புற்றுநோய் சற்றே கூடுதலாகத் தெரிந்தாலும், தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. பிரிட்டன் வீரர்களிடம் நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் முடிந்தன. மறுபக்கம், நியூசிலாந்தின் மேஸி பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, கிறிஸ்துமஸ் தீவுக் கடலில் இருந்த மாலுமிகளின் ரத்தத்தில் குரோமோசோம் மாற்றங்கள் மற்றவர்களைப் போல மூன்று மடங்கு இருப்பதாகச் சொன்னது.

ஏன் இந்த முரண்? புற்றுநோய் பொதுவாகவே பலருக்கு வரும் நோய். ஒருவருக்கு வந்த நோய் குண்டால் வந்ததா, சிகரெட்டால் வந்ததா, வயதால் வந்ததா என்று அந்த நோயைப் பார்த்தே சொல்லிவிட முடியாது. யார் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார்கள் என்ற கணக்கு சரியாக இருந்தால்தான் ஆய்வு தெளிவாக வரும். அந்தக் கணக்கை எடுக்க வேண்டிய பொறுப்பு ராணுவத்துடையது. அது அரைகுறையாக எடுத்த கணக்கின் சுமையைச் சுமந்தது வீரர்கள்.

இழப்பீடும் அங்கீகாரமும் எப்போது கிடைத்தன?

1988: குறிப்பிட்ட 13 வகைப் புற்றுநோய்களில் ஒன்று வந்தால், 'சோதனையில் இருந்தார்' என்பதே போதும், டோஸ் கணக்கை நிரூபிக்கத் தேவையில்லை என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. பட்டியல் பின்னர் விரிவாக்கப்பட்டது.

1990: இன்னொரு அமெரிக்கச் சட்டம், சோதனைத் தளத்தில் இருந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு 75 ஆயிரம் டாலர் அறிவித்தது. 2024-ல் காலாவதியான இந்தத் திட்டம் 2025 ஜூலையில் மீண்டும் உயிர்பெற்றது. தொகை 1 லட்சம் டாலராக உயர்ந்தது.

2010: பிரான்ஸ் 'மொரின் சட்டம்' மூலம் இழப்பீட்டுக்கு வழி செய்தது.

2012: ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் வீரர்கள் தொடுத்த வழக்கில், மாதிரியாக எடுத்த 10 வழக்குகளில் 9-ஐ, காலம் கடந்துவிட்டது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. தீர்ப்பு 4-க்கு 3 என்ற கணக்கில் வந்தது.

2015: பிரிட்டனுக்காகக் காத்திருக்காமல், உயிரோடு இருந்த தன் 24 வீரர்களுக்கு ஃபிஜி அரசே பணம் கொடுத்தது.

2017: பிரிட்டன் சோதனைகளில் கலந்துகொண்ட ஆஸ்திரேலியர்களுக்கு, முழு மருத்துவச் செலவையும் ஏற்கும் 'கோல்டு கார்டு' வழங்க ஆஸ்திரேலிய அரசு முடிவெடுத்தது.

2022: முதல் குண்டு வெடித்து 70 வருடம் கழித்து, பதக்கம் வழங்கப்படும் என்று பிரிட்டன் பிரதமர் ரிஷி சுனக் அறிவித்தார்.

இந்தியாவுக்கு இதில் தொடர்பு உண்டா?

1954 மார்ச் 1-ல் பிகினியில் அமெரிக்கா வெடித்த 'கேசில் பிராவோ' 15 மெகா டன். எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். தீவு மக்கள், ராங்கெரிக் தீவில் இருந்த 28 அமெரிக்கப் படையினர், ஜப்பான் மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் என எல்லோர் மீதும் கதிரியக்கத் தூசு விழுந்தது. இதற்கு அடுத்த மாதமே, அணு சோதனைகளை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார் பிரதமர் நேரு. திறந்தவெளி சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் 1963-ல் வந்தபோது இந்தியாவும் கையெழுத்திட்டது. 1974-லும் 1998-லும் பொக்ரானில் இந்தியா நடத்திய சோதனைகள் அனைத்தும் நிலத்தடியில் நடந்தவை.

இப்போது மீதமிருக்கும் கேள்வி

அன்று இருபது வயதில் அந்தத் தீவுகளில் நின்றவர்கள் இன்று எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் இருக்கிறார்கள். பிரிட்டன் வீரர்கள் இப்போது முக்கியமாகக் கேட்பது, சோதனைக் காலத்தில் தங்களிடம் எடுக்கப்பட்ட ரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவுகளை. அந்தக் காகிதம் தங்கள் பக்கம் பேசுமா, எதிராகப் பேசுமா என்பது இரண்டாவது விஷயம். தங்கள் உடம்பைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிந்தது தங்களுக்கும் தெரிய வேண்டும் என்கிறார்கள்.

தங்கள் குழந்தைகளுக்கும் பாதிப்பு இருக்குமோ என்ற பயமும் இந்தக் குடும்பங்களை விடவில்லை. 2022-ல் வெளியான பிரிட்டன் மரபணு ஆய்வு ஒன்று, பிள்ளைகளிடம் கூடுதல் மரபணு மாற்றங்கள் தென்படவில்லை என்று சொன்னது ஓரளவு ஆறுதல்.

அமெரிக்காவில் ஒவ்வொரு வருடமும் ஜூலை 16-ம் தேதி இவர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1945-ல் உலகின் முதல் அணுகுண்டு வெடித்த தேதி அது. அடுத்தடுத்த ஜூலைகளில் அந்தக் கூட்டத்துக்கு நேரில் வர முடிகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது. காலதாமதம் என்று சொல்லி வழக்கைத் தள்ளலாம். ஆனால் ரகசியம் என்று சொல்லி அவர்களைத் தாமதிக்க வைத்தது யார் என்ற கேள்விக்கு, எந்த அரசாங்கமும் இன்னும் முழுசாகப் பதில் சொல்லவில்லை.